மறைவாய்க் கசியும் குருதி

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள். கொழுந்து பறிப்பவரின் கூலி அவரது உடல் வலிமையைச் சார்ந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் சோர்வும் மூச்சிரைப்பும் கண்டு மருத்துவரிடம் சென்றால், இரத்தசோகை என அறிந்து இரும்புச்சத்து மாத்திரையுடன் திரும்புவார். மாத்திரை வரவைப் பெருக்கும். செலவு எங்கே நிகழ்கிறது என்பதை உணர்த்தாது.

ஒரு மில்லி லிட்டர் குருதியில் ஏறத்தாழ அரை மில்லி கிராம் இரும்பு உண்டு. உணவிலிருந்து உடல் நாள்தோறும் ஏற்பது 1 முதல் 2 மில்லி கிராம் மட்டுமே. குடலில் நாளொன்றுக்கு 10 மில்லி லிட்டர் கசிந்தால் 5 மில்லி கிராம் இழப்பாகும். இந்த அளவுக் கசிவால் மலத்தின் நிறம் பெரும்பாலும் மாறுவதில்லை. நோயாளி அறியாமலே பற்றாக்குறை வளர்கிறது.

தோட்டங்களில் இதற்குப் பழைய காரணம் கொக்கிப்புழு. இலங்கைத் தோட்டங்களில் 1916-இலேயே ராக்பெல்லர் நிறுவனம் இதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கிற்று. கழிப்பிடமும் காலணியும் தொற்றைத் தடுக்கும். அல்பெண்டசோல் மாத்திரை புழுவை நீக்கும்.

முதியோரிடம் காணப்படும் மற்றொன்று, பெருங்குடற் சுவரின் நலிந்த இடங்களில் பிதுங்கும் டைவர்டிகுலம் என்னும் சிறு பைகள். பெரும்பாலோர்க்கு இவை தொல்லை தருவதில்லை. இவற்றையொட்டிய இரத்தக்குழாய் சிதைந்தால், வலியின்றித் திடீரெனக் கண்ணுக்குத் தெரியும் அளவில் குருதி வெளிப்படும். ஆகவே, நெடுநாள் மறைவான கசிவுக்கு இப்பைகளே காரணம் என எளிதில் முடிவு செய்தலாகாது. பைகளைக் கண்டதும் தேடலை நிறுத்தினால், இரைப்பைப் புண், வலி மாத்திரைகளின் விளைவு, எல்லாவற்றிற்கும் மேலாகப் பெருங்குடற் புற்று ஆகியவை தப்பிவிடக்கூடும். தொடக்கத்தில் கண்டறியப்படும் புற்று பெரும்பாலும் குணப்படுத்தக் கூடியது.

2018-இல் தொடங்கிய இரத்தசோகையற்ற பாரதம் திட்டம் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், மகப்பேற்று வயதுப் பெண்கள், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகியோரை முதன்மையாகக் கருதுகிறது. ஐம்பதைக் கடந்த தொழிலாளர் இப்பட்டியலில் இடம்பெறவில்லை. இரும்புக் குறைவால் சோகையுற்ற இவர்களுக்கு மலச் சோதனையும், தேவைப்படின் உள்நோக்கிக் கருவியால் குடலைக் காணும் சோதனையும் கிட்டச் செய்தல் வேண்டும். மலைப்பாதையில் இறங்கிச் சென்று சோதனை செய்துகொள்வதற்கு ஒரு நாள் கூலி தடையாகலாகாது. கசிவை அடைக்காமல் நீர் இறைப்பது வீண் உழைப்பே.