ஏவுதளத்துக்கு இந்தப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

தொழில்நுட்பமும் உலக ஏற்றத்தாழ்வும் என்ற பொருளில் நடக்கும் டிஜிட்டல் கலை விழாவுக்குப் பழவேற்காட்டை வைத்து வீடியோ செய்யப்போவதாக எழுதியிருந்தாய். நீ அனுப்பிய முதல் காட்சியைப் பார்த்தேன். முன்னால் படகு, பின்னால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பும் ராக்கெட். கண்ணைப் பறிக்கிறது. ஆனாலும் அதை எடுத்துவிடு என்றுதான் சொல்வேன். பார்க்கிறவர் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த திரைக்கு நகர்ந்துவிடுவார். அந்த ராக்கெட்டுக்கும் படகுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று குப்பங்களுக்குத் தகவல் வரும். அன்றைய வரும்படி போச்சு. அதே தளத்திலிருந்துதான் 2009-இல் ஓஷன்சாட்-2, 2022-இல் ஓஷன்சாட்-3 போயின. கடல் நிறத்தை வைத்துப் பாசி எங்கே செழித்திருக்கிறது என்று இவ்வகைச் செயற்கைக்கோள்கள் காட்டும். நீரின் சூட்டையும் சேர்த்துப் பார்த்து, மீன் எங்கே கூடியிருக்கும் என்று ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் அறிவிக்கிறது. நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர எஞ்சினும் டீசலும் வேண்டுமே.

பழவேற்காடு ஏரிக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்ணுக்கு அந்த அறிவிப்பால் ஒரு பயனும் இல்லை. பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவும். அகப்பட்ட இறால் நேராக வாயருகே உள்ள பறிக்குள் போகும். அவர் சம்மதித்தால், கேமராவை அந்தக் கை மட்டத்துக்கு இறக்கு. வெட்டாமல் ஓடவிடு, இசை சேர்க்காதே.

இன்னொன்று, பாடு என்கிற பங்கீட்டு முறை. விழாக்காரர்கள் தொழில்நுட்பம் என்றால் திரையையும் சிப்பையும்தான் நினைப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஊர்க்காரர்கள் கண்ட இந்தப் பங்கீட்டையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். யார் எந்த முறை எங்கே சுத்துவலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, சுழற்சி வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பசையுள்ளவன் நல்ல இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. அதே சமயம், அந்தச் சீட்டில் பட்டினவர் என்ற மீனவச் சாதியின் தலைக்கட்டுகளுக்கே பங்கு. இருளருக்கு இல்லை, பெண்களுக்கு இல்லை. வெளியூரில் ஊர் மானம் போய்விடுமோ என்று அதை மறைத்துவிடாதே. பாடு விழுந்த நாளும் ராக்கெட் நாளும் ஒன்றாக வந்தால் என்ன செய்வீர்கள் என்று பெரியவர்களிடம் கேள். அவர்கள் பேசட்டும், நீ பின்னணிக் குரல் கொடுக்க வேண்டாம்.

2017-இல் வந்த சென்னைப் பொறம்போக்குப் பாடலை மறுபடி போட்டுப் பார். பக்கத்து எண்ணூர் கழிமுகத்தைப் பற்றியது. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, டி.எம்.கிருஷ்ணா கர்நாடக ராகங்களில் பாடினார். மீனவர்கள் வருஷக்கணக்கில் கத்திக்கொண்டிருந்த விஷயம் ஊரெல்லாம் போன் போனாகப் போனது. ஒரு குறிப்பிட்ட கழிமுகத்தை விட்டு நகராமல் பேசியதால்தான் அது அவ்வளவு தூரம் போயிற்று என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1979-இல் தொடங்கிய ஆர்ஸ் எலக்ட்ரானிகா போன்ற விழாவில் உன் படம் ஓடலாம். ஓட வேண்டும் என்பது என் ஆசையும்கூட. ஆனால் ஏற்றத்தாழ்வைப் பற்றிப் படமெடுத்து, அதில் வரும் சம்பளத்தை நீ ஒருத்தனே வாங்கிக்கொண்டால் என்ன நியாயம் தம்பி? படப்பிடிப்புக்கு முன்பே பேசிவிடு: தொழிலை விட்டு உன்னோடு நின்ற நாளுக்குக் கூலி, பரிசு வந்தால் பங்கு, விரும்பினால் பெயர், வேண்டாம் என்றால் முகத்தை நீக்கும் உரிமை. தமிழில் எழுதிப் படித்துக் காட்டு.

எடிட்டிங் முடிந்ததும், விழாவுக்கு அனுப்பும் முன், கோட்டைக்குப்பத்தில் ஒரு தடவை போட்டுக் காட்டு. இருளர் குடியிருப்பில் தனியாக இன்னொரு தடவை. அவர்கள் வெட்டச் சொல்வதை வெட்டு. புரொஜெக்டர் என்னிடம் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்