கோமாதாவும் அப்பர் பெருமானும்

தை 5-ஆம் நாள், பாகூரை அடுத்த சோரியாங்குப்பத்தில் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டார சுவாமிகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார்கள். கூட்டத்தில் சுத்த சைவரும் நிற்பார். சில நாள் முன்பு கரிநாளன்று கறிக்குழம்பு வைத்தவரும் நிற்பார். மாட்டுப் பொங்கலன்று இரண்டு வீட்டுப் பசுவுக்கும் மஞ்சள், குங்குமம்தான்!

'மாமிசம் உண்பவர்களோடு சேர்ந்து நிற்பதா?' என்று உங்களில் சிலருக்கு மனம் சுருங்கலாம். (சொல்லாவிட்டாலும் முகம் காட்டிவிடுமே!)

பண்ருட்டி அருகே திருவதிகையில் சூலைநோய் நீங்கி ஆட்கொள்ளப்பட்டவர் அப்பர் பெருமான். பசுவுக்குப் பெருமையே, அது தரும் ஐந்தினால் சிவபெருமான் அபிஷேகம் கொள்வதுதான் என்று நமசிவாயப் பதிகத்தில் பாடியவர். பஞ்சகவ்யத்தைத்தான் தேவாரம் 'ஆனைந்து' என்கிறது.

அவரேதான் ஆறாம் திருமுறையில் இன்னொன்றும் பாடினார். சங்கநிதி, பதுமநிதியோடு மண்ணையும் விண்ணையும் ஆளக் கொடுத்தாலும் சிவபக்தி இல்லாதவரை மதிக்கமாட்டாராம். பசுவையே உரித்து உண்பவரானாலும், தொழுநோயால் உடல் குறைந்தவரானாலும், சிவனடியார் என்றால் அவரே தாம் வணங்கும் தெய்வமாம்! புலால் உண்ணலாம் என்று அவர் சொல்லவில்லை, சகோதரிகளே. அடியாரை எதை வைத்து மதிப்பது என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்துவிட்டு வந்து, அந்தத் தாண்டகத்தை ஒருமுறை பாடிப் பாருங்கள்.