வலைத்தளத்துக்கான இலக்கமுறைப் படங்கள்

மாதிரி வினா
தலவாக்கலை சென் கிளயர் நீர்வீழ்ச்சியை மாணவி ஒருவர் 3200 × 2400 படவணுக்களில் படம்பிடித்தார். பாடசாலை வலைத்தளத்தில் இட அதை 800 × 600 ஆகச் சிறிதாக்கினார். ஒரு படவணுவுக்கு 3 பைற்று எனின், நெருக்காத நிலையில் இதன் பயனைக் கணித்துக் காட்டுக.

விடை
மூலப்படம்: 3200 × 2400 × 3 = 23,040,000 பைற்று
சிறிய படம்: 800 × 600 × 3 = 1,440,000 பைற்று
அதாவது 16 இல் ஒரு பங்கு.
செக்கனுக்கு 1,000,000 பிற்று வேகத்தில் (1 பைற்று = 8 பிற்று) மூலப்படம் வர ஏறத்தாழ 184 செக்கன்; சிறிய படம் வர ஏறத்தாழ 11.5 செக்கன்.

கவனிக்குக
1. நீளம், அகலம் இரண்டும் 4 இல் ஒரு பங்காகின்றன. ஆகவே படவணுக்கள் 4 × 4 = 16 இல் ஒரு பங்காகும். ‘4 இல் ஒரு பங்கு’ என எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.
2. எச்.டி.எம்.எல். இல் அகலத்தை மட்டும் 800 எனக் குறித்தால் படம் சிறிதாகத் தெரியும், கோப்பு சிறிதாகாது. சிக்னல் குறைந்த தோட்டத்தில், லயத்திலிருந்து கைத்தொலைபேசியில் பார்ப்பவர் 3 நிமிடம் காத்திருப்பாரா? அவருடைய டேட்டாவும் வீணாகும்.
3. ஜேபெக் ஆகச் சேமித்தால் கோப்பு மேலும் சிறிதாகும். ஆனால் இழந்த விபரம் மீளாது. மூலப்படத்தைத் தனியே பேணுக.