பி.காம். முடித்தவர் அரசியல் அறிவியல் படிக்கலாமா?

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வயது 23. தேர்தல் முடிவு வந்தால் தொகுதி தொகுதியாக நோட்டில் எழுதி வைத்துப் பார்ப்பேன். எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்க ஆசை. “படிச்சுட்டு கட்சியிலயா சேரப் போற?” என்கிறார் அப்பா. வேறு பாடம் படித்தவர்கள் சேரலாமா? ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு உதவுமா? வேலை கிடைக்குமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாகச் சேரலாம். பல பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டம் பெற்றவரையும் எடுத்துக்கொள்கின்றன. புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி ஜே.என்.யு. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ‘க்யூட் பி.ஜி.’ நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வேலையை விட முடியாதென்றால் தொலைநிலைக் கல்வி தரும் இக்னோவில் நுழைவுத் தேர்வு இல்லாமலே சேரலாம். ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் வகுப்பறை விவாதத்தில் இருக்கிறது. வழி இருந்தால் நேரில் போய்ப் படியுங்கள்.

அப்பாவிடம் உங்கள் நோட்டை வைத்தே பேசலாம். 2014 மக்களவைத் தேர்தலில் பா.ஜ.க. வாங்கிய வாக்கு 31 சதவீதம். கிடைத்த இடங்கள் 543-இல் 282. யார் ஜெயித்தார் என்பதைத் தொலைக்காட்சி சொல்லிவிடும். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்கு எப்படித் தனிப் பெரும்பான்மை ஆனது, ஜெர்மனியைப் போல வாக்கு விகிதப்படி இடம் பிரித்தால் ஆட்சி எப்படி அமைந்திருக்கும், அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று கேட்பதுதான் அரசியல் அறிவியல். தொகுதிக் கணக்கு எழுதும் உங்களுக்கு இந்தக் கேள்விகள் புதிதாக இருக்காது. எண்களைக் கண்டு மிரளாத வணிகவியல் மாணவி இந்தத் துறைக்குப் பெரிய வரவு.

ஐ.ஏ.எஸ். தேர்வில் இதை விருப்பப் பாடமாக எடுக்கலாம். முதன்மை எழுத்துத் தேர்வின் 1750 மதிப்பெண்ணில் 500 இதற்கு. ஆனாலும் அதற்காக மட்டும் இரண்டு வருடம் எம்.ஏ. படிக்காதீர்கள். எந்தப் பட்டம் வைத்திருந்தாலும் இந்த விருப்பப் பாடத்தை எடுக்க முடியும்.

வேலை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணிக்கு பி.எட். போதாது, இளங்கலை, முதுகலை இரண்டும் அதே பாடத்திலோ இணையாக ஏற்கப்பட்ட பாடத்திலோ இருக்க வேண்டும். பி.காம். அங்கே தடையாகும். கல்லூரி ஆசிரியர் பணி அப்படியல்ல. எம்.ஏ.வில் பொதுப் பிரிவினர் 55 சதவீதம் எடுத்து நெட் தேர்வில் தேறினால் போதும். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் உதவித்தொகையோடு முனைவர் பட்டம் வரை போகலாம். கொள்கை ஆய்வு அமைப்புகளிலும் தேர்தல் கணிப்பு நிறுவனங்களிலும் வேலை உண்டு. நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் ‘லாம்ப்’ திட்டத்தில் 25 வயதுக்குள் இருக்கும் பட்டதாரிகள் ஏறத்தாழ ஓராண்டு ஒரு எம்.பி.யிடம் ஆய்வு உதவியாளராக இருக்கலாம். உங்களுக்கு வயது இருக்கிறது, இப்போதே கவனியுங்கள்.

சேருவதற்கு முன் இரண்டு புத்தகங்களைப் படியுங்கள். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட ‘தி நாடார்ஸ் ஆஃப் தமிழ்நாட்’ உங்கள் விருதுநகரையும் பேசுகிறது: ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் வணிகத்தாலும் சங்கத்தாலும் அரசியல் பலம் பெற்ற வரலாறு. எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் டிராப்’ (1992) எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளின் வாக்காக மாறியதை ஆராய்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அகராதியோடு உட்காருங்கள், எம்.ஏ.வில் வாரந்தோறும் இப்படித்தான் படிக்க வேண்டியிருக்கும். தமிழ்வழியில் படித்த பல நல்ல மாணவர்கள் முதல் பருவத்தில் திணறுவது இங்கேதான். அறிவுக் குறைவால் அல்ல, பழக்கம் இல்லாததால்.

விண்ணப்பிக்கும் முன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் இணையத்தில் இறக்கிப் பாருங்கள். ஆராய்ச்சி முறையியல் தாளும் கடைசிப் பருவத்தில் ஆய்வேடும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டும் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.