ஞாயிறு மதியம், கிராமத்து பப்பில் குடும்பச் சாப்பாடு: பயனுள்ள குறிப்புகள்

இங்கிலாந்தில் ஞாயிறு மதியம் என்றால் கிராமத்து பப்களில் இறைச்சி சுடும் ரோஸ்ட் மணம்தான். தாத்தா பாட்டி, கைக்குழந்தை, வீட்டு நாய் என்று எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். குடிப்பழக்கம் இல்லாதவர்களும் கூச்சமில்லாமல் போகலாம். அங்கே குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க விமானம் ஏறிப் போயிருக்கும் அம்மா அப்பாக்களுக்கும் உதவும் சில குறிப்புகள் இதோ. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போனால் காசும் மிஞ்சும், வயிறும் மனசும் நிறையும்.

1. வியாழன், வெள்ளிக்குள் போன் செய்து மேஜை சொல்லி வைத்துவிடுங்கள். ரோஸ்ட் இறைச்சியை ஆள் கணக்குப் பார்த்துத்தான் அடுப்பில் ஏற்றுவார்கள், தீர்ந்தால் தீர்ந்ததுதான். மார்ச் வாக்கில் வரும் அன்னையர் ஞாயிறுக்கும், ஜூன் மூன்றாம் ஞாயிறான தந்தையர் தினத்துக்கும் சில வாரங்கள் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

2. முதல் பந்தியில் உட்காருங்கள். 12 மணி, 12.30 மணிக்குப் போனால் உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாகக் கிடைக்கும். 3 மணிக்கு மேல் மெனுவில் பாதி இருக்காது. பல இடங்களில் ஞாயிறு மாலை சமையலறையை மூடிவிடுவார்கள் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு பப்பை நம்பாதீர்கள்.

3. காலையில் டீயும் ஒரு ரொட்டித் துண்டும் போதும். தட்டு நிறைய வரும் ரோஸ்ட் ராத்திரி வரை தாங்கும். மாலையில் ஒரு ரசம் வைத்தால் அன்றைய சமையல் முடிந்தது.

4. மேஜையில் உட்கார்ந்து ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பல பப்களில் நாமே பாருக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும். மேஜை எண்ணைப் பார்த்துக்கொண்டு, யாருக்கு என்ன என்று ஒரு சீட்டில் எழுதி, ஒருவர் மட்டும் போனால் போதும். பாரில் வரிசை இருக்காது, ஆனால் யார் முதலில் வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நமக்கு முன் வந்தவரைக் கை காட்டிவிட்டால் நல்ல பெயர் கிடைக்கும்.

5. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழியோ ஆட்டிறைச்சியோ சொன்னால் மட்டும் போதாது. உருளைக்கிழங்கையும் யார்க்ஷயர் புட்டிங்கையும் (இது என்னவென்று 10-ம் குறிப்பில்) மாட்டுக் கொழுப்பில் சுடுவது உண்டு. எல்லாத் தட்டுக்கும் ஒரே மாட்டிறைச்சி கிரேவியை ஊற்றுவதும் உண்டு. மேஜை சொல்லும் போனிலேயே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.

6. சைவக்காரர்களுக்கு நட் ரோஸ்ட் என்று ஒன்று உண்டு. பருப்பு, கொட்டை வகைகளைக் காய்கறியோடு சேர்த்து அழுத்திச் சுட்டது. அதற்குத் தனி சைவ கிரேவி வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சீஸ் சாஸில் சுட்ட காலிஃபிளவரையும் கூட வைத்துக்கொண்டால் தட்டு நிறைந்துவிடும்.

7. ஹலால் பார்ப்பவர்களுக்குக் கிராமத்து பப்களில் இறைச்சி கிடைப்பது அரிது. மீனோ நட் ரோஸ்டோ சொல்லி, சாஸில் ஒயின் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை இருந்தால் தயங்காமல் கேளுங்கள். பால், முட்டை, வேர்க்கடலை, கடுகு உட்பட 14 வகைப் பொருள்கள் எந்தெந்தப் பதார்த்தத்தில் இருக்கின்றன என்று சொல்வது அங்கே சட்டப்படி கடமை. கோதுமை ஆகாதவர்கள் கிரேவியை மறக்காமல் விசாரியுங்கள். கெட்டியாக வர அதில் மாவு சேர்ப்பது வழக்கம்.

9. சப்பென்று இருக்கிறது என்று உப்பைக் கொட்டாதீர்கள், சாஸ்கள் இருக்கின்றன. மாட்டிறைச்சிக்கு ஹார்ஸ்ராடிஷ், ஆட்டிறைச்சிக்குப் புதினா சாஸ், பன்றிக்கு ஆப்பிள் சாஸ் என்பது பழைய ஜோடி. காரம் தேடும் நாக்குக்கு இங்கிலீஷ் மஸ்டர்ட் கேளுங்கள். சுள்ளென்று மூக்கில் ஏறும், ஒரு சொட்டு போதும்.

10. யார்க்ஷயர் புட்டிங் இனிப்புப் பண்டம் என்று நினைத்துக் கடைசிக்கு ஒதுக்கி வைக்காதீர்கள். மாவு, முட்டை, பால் கரைத்து, சூடான கொழுப்பில் ஊற்றிச் சுட்டது. பூரி மாதிரி உப்பி நடுவில் குழிந்திருக்கும், அந்தக் குழியில் கிரேவியை ஊற்றிச் சூடாகச் சாப்பிட வேண்டும். 1747-லேயே ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் இதன் செய்முறையைத் தந்திருக்கிறார்.

11. பிள்ளைகள் இறைச்சியைத் தள்ளி வைக்கிறார்களா? கூடுதலாக ஒரு யார்க்ஷயர் புட்டிங் கேளுங்கள். விலை அதிகமான இறைச்சி கொஞ்சமே போதும் என்று இதை முதலில் பரிமாறி வயிற்றை நிரப்பிய சிக்கனக் குடும்பங்களின் வழி இது, இன்றும் பலிக்கும்.

12. சின்னப் பிள்ளைகளுக்கென்றே சிறிய ரோஸ்ட் உண்டு, விலையும் குறைவு. வயதானவர்களுக்கும் சிறிய அளவில் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் பல இடங்களில் தருவார்கள்.

13. நல்ல பசியோடு போகும் குடும்பத்துக்கு கார்வரி நடத்தும் பப் லாபம். இறைச்சியை அவர்கள் வெட்டி வைப்பார்கள். காய்கறி, உருளைக்கிழங்கு, கிரேவியை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். முதலில் காய்களைக் கொஞ்சமாக எடுத்துச் சுவைத்துவிட்டு, மறுபடி வாங்கலாமா என்று கேட்டுப் போனால் வீணாகாது.

14. தனியாகக் காசு கொடுக்கும் பக்கப் பதார்த்தங்களை முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ரோஸ்டோடு கேரட், முட்டைக்கோஸ், பட்டாணி என்று ஏதாவது வரும். தட்டைப் பார்த்தபின் வேண்டுமானால் இருவருக்கு ஒன்று வாங்கலாம்.

15. தண்ணீர் என்று மட்டும் சொன்னால் காசுக்கு விற்கும் பாட்டில் வந்துவிடும். 'ஒரு ஜக் டேப் வாட்டர்' என்று கேளுங்கள். மது விற்கும் உரிமம் உள்ள இடங்கள் குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வேறு ஏதாவது குடிக்க ஆசைப்பட்டால் லைம் சோடா மலிவு.

16. பீர் ருசி பார்க்க விரும்புகிறவர் அரை பின்ட் வாங்கினால் போதும். முழு பின்ட் 568 மில்லி, சாப்பாட்டுக்கு இடம் இருக்காது. யார் வண்டி ஓட்டுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அவர் ஒரு சொட்டும் தொடாமல் இருப்பதே எல்லாருக்கும் நிம்மதி.

17. காசில்லாத பொழுதுபோக்கு வேண்டுமா, சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் வயல் வழியே நடந்துவிட்டு வாருங்கள். மஞ்சள் அம்புக்குறி போட்ட பாதைகளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடம் துணைக்கு இருந்தால் வழி தவறாது. டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் சாப்பிட்டபின் நடக்கத் திட்டமிடாதீர்கள்.

18. காரில் ஒரு பிளாஸ்டிக் பையும் மாற்றுச் செருப்பும் போட்டு வையுங்கள். சேற்றுக் காலணியை வாசலிலேயே கழற்றிப் பையில் போட்டால் பப்பின் கம்பளமும் நம் மானமும் தப்பும்.

19. கார் இல்லாதவர்கள் திரும்பும் பஸ்ஸை முதலில் பாருங்கள்; ஞாயிறு அன்று கிராமத்துப் பக்கம் பஸ் குறைவு, சில தடங்களில் இல்லவே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகக்கூடிய பப்பைத் தேர்ந்தெடுத்தால் டாக்சி செலவு மிச்சம்.

20. சாப்பாடு வரும்வரை பிள்ளைகள் கையில் போனைக் கொடுக்காமல், வழியில் பார்த்த பப் பலகைகளின் கதையைச் சொல்லுங்கள். பலகையில் இருக்கும் வெள்ளை மான் இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சின்னம். ராயல் ஓக் என்பது 1651-ல் வொர்ஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஏறி ஒளிந்த கருவாலி மரம்.

21. இனிப்பை இருவருக்கு ஒன்றாகச் சொல்லி இரண்டு கரண்டி கேளுங்கள். பேரீச்சம்பழம் போட்ட ஸ்டிக்கி டாஃபி புட்டிங் நம் நாக்குக்கு நன்றாகப் பிடிக்கும். ஜாம் ரோலி போலி போன்றவற்றில் சூவெட் என்ற மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்; சைவக்காரர்கள் விசாரித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

22. பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் கொடுங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை கொடுத்ததாகிவிடும். பாரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை. மேஜைக்கு வந்து அன்பாகக் கவனித்தவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள்; 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுக்க ஊழியர்களுக்கே சேர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

23. மிச்சமான உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் டப்பாவில் கட்டித் தரச் சொல்லுங்கள்; வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கத்திய வீடுகளில் திங்கட்கிழமை இரண்டையும் மசித்து வாணலியில் முறுகலாக வறுத்து, பபிள் அண்ட் ஸ்குவீக் என்று சாப்பிடுவார்கள். நாம் ஒரு பச்சை மிளகாயும் கொஞ்சம் சீரகமும் சேர்த்து வறுத்தால் மறுநாள் டிபன் பாக்ஸ் தயார்.