ஃபில்டர் கழல மாட்டேங்குதா? சுத்தியலைக் கீழே வைங்க

வீட்டு வாசல்லயே வண்டிக்கு ஆயில் மாத்துறது நல்ல பழக்கம்தான். ஆனா பாதி வேலையில ஆயில் ஃபில்டர் இறுகிப்போய் நின்னுட்டா, பத்துல எட்டுப் பேர் செய்யுறது ஒண்ணுதான்: கைக்குக் கிடைச்சதை எடுத்து முரட்டுத்தனமா முறுக்குறது. சின்னக் காசு ஃபில்டருக்காக இன்ஜின் கேஸையே உடைச்சுட்டு வர்ற பிள்ளைங்களை நான் நிறையப் பார்த்துட்டேன். அதனால தம்பிங்களா, தங்கச்சிங்களா, இதைப் படிச்சுட்டு அப்புறம் ஸ்பேனரைத் தொடுங்க.

முதல்ல, எல்லாத்தையும் விட முக்கியமானது. ஆயிலை இறக்குறதுக்கு முன்னாடியே ஃபில்டர் அசையுதான்னு பாருங்க. எல்லாரும் தலைகீழாத்தான் செய்யுறீங்க. ஆயிலை எல்லாம் வடிச்சுட்டு, அப்புறம் ஃபில்டர்கிட்ட வந்து மாட்டிக்கிறீங்க. இன்ஜின்ல ஆயில் இல்ல, ஃபில்டர் பாதி நசுங்கிக் கிடக்கு, ஞாயித்துக்கிழமை பட்டறையும் மூடியாச்சு. வேற பட்டறை தேடி வண்டியைப் பொறையாறு வரைக்கும் தள்ளிக்கிட்டே போவீங்களா? ஆயில் உள்ளே இருக்கும்போதே லேசா ஒரு அசைப்பு அசைச்சுப் பாருங்க. அசைஞ்சா திரும்ப இறுக்கி வெச்சுட்டு ஆயிலை இறக்கலாம். அசையலைன்னா அப்படியே ஓட்டிக்கிட்டு மெக்கானிக் வீட்டுக்குப் போயிடலாம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாலே பாதித் தொல்லை இல்ல. வேலையையும் கடை திறந்திருக்கிற நாள்ல, காலை நேரத்துல வெச்சுக்கங்க. நம்ம தரங்கம்பாடியில மதியத்துக்கு மேல கடல் காத்து மணலை வாரிக்கிட்டு வரும். திறந்து கிடக்கிற இன்ஜினுக்குள்ள ஒரு சிட்டிகை மணல் போனாலும் போதும், ஆயில் மாத்தினதே வீண்.

ஏன் இப்படி இறுகுது?

நம்ம ஊர் வண்டிக்கு ரெண்டு எதிரி. ஒண்ணு உப்புக் காத்து. மாசிலாமணிநாதர் கோயிலோட முன்பக்கத்தையே கடல் கொண்டுபோன ஊர் இது. வாசல்ல நிக்கிற வண்டியோட போல்ட் எம்மாத்திரம்! இன்ஜின் கேஸ் அலுமினியம், போல்ட் இரும்பு. ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல உப்பு ஈரம் உட்கார்ந்தா அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா மாறும். அந்தப் பொடி மரைக்குள்ள இடத்தை அடைச்சு போல்ட்டைப் பிடிச்சுக்கும். போல்ட் தலையைச் சுத்தி வெள்ளையா பூத்திருந்தா, அது சுலபமா வராதுன்னு அப்பவே தெரிஞ்சுக்கங்க.

இன்னொரு எதிரி, போன தடவை அதை மாட்டின கை. கேஸ்கெட்டுக்கு ஆயில் தடவாம, ஸ்பேனர் போட்டு மூச்சைப் பிடிச்சு இறுக்கியிருப்பாங்க. ரப்பர் சூட்டுல வெந்து உலோகத்தோட ஒட்டிக்கும். இறுகின ஃபில்டர்ல பெரும்பாலானது மாட்டின அன்னிக்கே இறுகினதுதான்.

உங்க வண்டியில இருக்கிறது எந்த ஃபில்டர்?

இது தெரியாம சாமானை எடுக்காதீங்க.

- ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகள்ல கழட்டி மாத்துற காகித ஃபில்டரே கிடையாது. வலப்பக்க கேஸுக்குள்ள ஒரு வலையும், சுத்துற வேகத்துல அழுக்கை ஒதுக்குற அமைப்பும்தான் இருக்கு. அதைத் திறக்க கிளட்ச் கவரையே கழட்டணும், புது கேஸ்கெட் வேணும். வீட்டுல வேண்டாம், மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. ஆயில் மட்டும் நேரத்துக்கு மாத்துங்க.
- ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கேடிஎம் டியூக் மாதிரி வண்டிகள்ல சின்ன மூடி இருக்கும். ரெண்டு மூணு போல்ட்டைக் கழட்டினா உள்ளே காகித ஃபில்டர்.
- ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 ரெண்டுலயும் கார்ல இருக்கிற மாதிரி டப்பா ஃபில்டர். இன்ஜினுக்கு முன்னாடி, சைலன்சர் குழாய்ங்களுக்குப் பின்னால மரையில திருகி நிக்கும்.

மூடி போட்ட ஃபில்டருக்கு

1. இன்ஜினை மூணு நாலு நிமிஷம் ஓட்டி நிறுத்துங்க. தொட்டா இளஞ்சூடா இருந்தா போதும். சூட்டுல இரும்பு விரியுறதைப் போல ரெண்டு மடங்கு அலுமினியம் விரியும். அதனால போல்ட் மேல இருக்கிற பிடி தளரும். கொதிக்கக் கொதிக்கக் கையை வெக்காதீங்க.

2. போல்ட் தலையைச் சுத்தி இருக்கிற உப்பையும் மண்ணையும் பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு எடுங்க. ஸ்பேனர் முழுசா உட்காரலைன்னா தலை வழுக்கத்தான் செய்யும்.

3. டபிள்யூடி-40 மாதிரி துருவைத் தளர்த்துற ஸ்பிரேயை அடிச்சுட்டு அரை மணி நேரம் விடுங்க. டீ குடிச்சுட்டு வாங்க. ஸ்பிரே இல்லைன்னா டீசல் ரெண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், அது மரைக்குள்ள இறங்காது. அவசரப்பட்டு அடிச்ச உடனே முறுக்கினா ஸ்பிரே காசும் தண்டம்.

4. சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனர், இல்லைன்னா ரிங் ஸ்பேனர். ஓப்பன் ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் இந்த வேலைக்கு ஆகாது. ரெண்டு பக்கம் மட்டும் பிடிக்கிற சாமான் போல்ட்டோட முனையை மழுக்கிடும்.

5. போல்ட் தலை மேல சின்னச் சுத்தியலால நேரா நாலு தட்டு, லேசா. உள்ளே கட்டின பொடி உடையும். அப்புறம் ஒரு மயிரிழை இறுக்குங்க, பிறகு தளர்த்துங்க. கொஞ்சம் வந்ததும் திரும்ப உள்ளே, திரும்ப வெளியே. ஒரே இழுப்புல இழுத்தா போல்ட் கழுத்துல முறியும்.

6. போல்ட் எல்லாம் வந்தும் மூடி வரலையா? உள்ளே ஓ-ரிங் ஒட்டிக்கிட்டிருக்கு. சுத்தியலோட மரக் கைப்பிடியால மூடியோட பக்கவாட்டுல சுத்திச் சுத்தித் தட்டுங்க. கையால லேசா திருப்பித் திருப்பி ஆட்டுங்க. ஸ்க்ரூ டிரைவரை இடுக்குல விட்டு நெம்பினீங்கன்னா, அக்கா அங்கேயே வந்து கையில ஒண்ணு போடுவேன். அந்த வழவழப்பான முகத்துல ஒரு கீறல் விழுந்தா, எத்தனை ஓ-ரிங் மாத்தினாலும் ஆயில் கசியும்.

தலை மழுங்கிப்போன போல்ட்டுக்கு, அளவு கொஞ்சம் சின்னதா இருக்கிற சாக்கெட்டைத் தட்டி ஏத்திப் பார்க்கலாம். அதுக்கும் வரலைன்னா, இல்ல போல்ட்டே முறிஞ்சுட்டா, அன்னைக்கு வேலை அங்கேயே முடிஞ்சது. லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க. வீட்டு டிரில்லை வெச்சு நீங்களா துளை போடாதீங்க. டிரில் கோணிப்போனா மரையும் போச்சு, கேஸும் போச்சு.

டப்பா ஃபில்டருக்கு

இன்டர்செப்டர்காரங்க கவனமா கேளுங்க. சைலன்சர் குழாய் பக்கத்துலயே இருக்கு. இன்ஜின் இளஞ்சூட்டுல இருக்கும்போதும் அந்தக் குழாய் கொதிக்கும். ஃபுல் கை உறையை மாட்டிக்கிட்டு, குழாய் மேல கெட்டியான துணியைப் போட்டுக்கங்க. குழாய் ஆறட்டும்னு காத்திருந்தா இன்னும் நல்லது.

முதல்ல ரென்ச் இல்லாம கையாலயே பாருங்க. ஆயில் கையோட பிடிச்சா வழுக்கும், அதனால டப்பாவைத் துடைச்சுட்டு, உப்புத்தாள் ஒரு துண்டை அதைச் சுத்திப் போட்டு இறுக்கிப் பிடிச்சுத் திருப்புங்க. எந்தப் பக்கம்? டப்பாவோட அடியை நேரா பார்த்தா, கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. வண்டிக்கு முன்னாடி குனிஞ்சு, கையை வளைச்சு வேலை பார்க்கும்போது திசை மாறித் தோணும். தளர்த்துறோம்னு நினைச்சு அரை மணி நேரம் இறுக்கிக்கிட்டிருந்தவங்க உண்டு. மார்க்கர்ல டப்பா அடியில அம்புக்குறி போட்டுக்கங்க.

அதுக்கும் வரலைன்னா தொப்பி மாதிரி மூடுற ஃபில்டர் ரென்ச் வாங்குங்க. புது ஃபில்டரைக் கையோட கொண்டுபோய், அதுல சரியா உட்காருதான்னு பார்த்து வாங்குங்க. அளவு மாறினா டப்பாவோட ஓரத்தை வழிச்சுடும். இந்த ஒரு செலவுக்குக் கணக்குப் பார்க்காதீங்க, வருஷக்கணக்கா உழைக்கும். இடம் இருந்தா பட்டை போட்டு இறுக்குற ரென்ச்சும் சரிதான். பட்டையை இன்ஜினை ஒட்டின பக்கமா போடுங்க, டப்பா அங்கேதான் கெட்டி.

ஸ்க்ரூ டிரைவரை டப்பாவுல குத்தித் திருப்புற பழைய வித்தை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. அது கடைசி வழி. தகடு மெல்லிசு, இறுகின ஃபில்டர்னா சுத்துறதுக்குப் பதிலா கிழிஞ்சுடும். கிழிஞ்ச பிறகு ரென்ச் பிடிக்கவும் இடம் இருக்காது, வண்டியை ஓட்டவும் முடியாது. அப்படியும் குத்தித்தான் ஆகணும்னா இன்ஜினை ஒட்டின பக்கமா குத்தாதீங்க, உள்ளே இருக்கிற மரைத்தண்டு அடிபடும். புது ஃபில்டர் கையில இல்லாம இந்த வித்தையை ஆரம்பிக்கவே கூடாது.

அப்புறம், கேஸ் விளக்கு, தீப்பந்தம், வெல்டிங் சூடு எதுவும் வண்டிகிட்ட வரக்கூடாது. மேல பெட்ரோல் டேங்க் இருக்கு. சொல்லணும்கிற அவசியமே இல்லாத விஷயம், ஆனா செய்யுறவங்க இருக்காங்களே!

கழட்டியாச்சு. இனி அடுத்த தடவை இறுகாம மாட்டணும்

- பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோட வந்துடுச்சான்னு பாருங்க. இன்ஜின் முகத்துலயே ஒட்டிக்கிட்டு நின்னு, அதுக்கு மேல புதுசு ஏறினா ரெண்டு வளையமும் வழுக்கும், ஓட்டும்போதே ஆயில் பீச்சும். பின் டயர் மேல ஆயில் பட்டா விழுந்துடுவீங்க. இதை ரெண்டு தடவை பாருங்க.
- புது வளையத்துல புது ஆயிலை விரலால தடவுங்க. அஞ்சு நொடி வேலை. இதைச் செய்யாததுக்குத்தான் இன்னைக்கு இவ்வளவு பாடு.
- டப்பா ஃபில்டரைக் கையால மட்டும் திருகுங்க. ரப்பர் தொட்டதுக்கு அப்புறம் எவ்வளவுன்னு டப்பா மேலயே அச்சடிச்சிருக்கும். பெரும்பாலும் முக்கால் சுத்து. ரென்ச் கழட்டுறதுக்கு மட்டும்தான்.
- காகித ஃபில்டர்னா எந்தப் பக்கம் உள்ளே போகணும், ஸ்பிரிங் எங்கே இருந்ததுன்னு கழட்டும்போதே போன்ல படம் எடுத்து வெச்சுக்கங்க. திருப்பி மாட்டினா ஆயில் ஓட்டமே கெட்டுடும். ஓ-ரிங் பழசைத் தூக்கிப் போடுங்க.
- மூடி போல்ட்டுங்களோட மரையில துளி கிரீஸ். எல்லாத்தையும் கையால ஏத்திட்டு, மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. கிரீஸ் போட்ட போல்ட் சீக்கிரம் இறுகும், பலத்தைக் காட்டாதீங்க.
- ஆயில் டப்பாவுல ஜாஸோ எம்ஏ, இல்லைன்னா எம்ஏ2ன்னு போட்டிருக்கணும். மலிவா கிடைக்குதேன்னு கார் ஆயிலை ஊத்தினா கிளட்ச் வழுக்கும்.
- இன்ஜினை ரெண்டு நிமிஷம் ஓட்டி நிறுத்துங்க, ஃபில்டரைச் சுத்தி விரலை விட்டுப் பாருங்க. கொஞ்சம் பொறுத்து, வண்டியை நேரா நிறுத்தி ஆயில் அளவைப் பார்த்துட்டுத்தான் சாலைக்கு.
- தேதியும் கிலோமீட்டரும் ஃபில்டர் மேலயோ மூடி மேலயோ மார்க்கர்ல எழுதுங்க. ஞாபகத்தை நம்பாதீங்க.

கடலோரமா வண்டி ஓட்டுறவங்க வாரம் ஒரு தடவையாவது நல்ல தண்ணியால கீழ்ப்பகுதியைக் கழுவித் துடைங்க. மீன் பெட்டி கட்டுற வண்டின்னா உப்புத்தண்ணி நேரா இன்ஜின் மேலயே சொட்டுது, அது தினமும் கழுவ வேண்டிய வண்டி. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் இருக்கு. வலை பின்னுற கையோட வண்டி போல்ட்டுங்களையும் ஒரு தடவை தளர்த்தி, கிரீஸ் வெச்சு மாட்டிடுங்க. விவசாய வீட்டுப் பிள்ளைங்க சம்பா அறுவடை முடிஞ்ச கையோட செய்யலாம். ரோட்டுல காயப்போட்ட வைக்கோல் தூசியெல்லாம் இன்ஜின் மேல அப்பிக்கிட்டு இருக்கிற நேரம் அது. ஐப்பசி மழைக்கு முன்னாடி செய்தாகணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒரு வேலை இருக்கு, அதைத்தான் எல்லாரும் விட்டுடுறீங்க. கீழே சிந்தின ஆயில் மேல உமியைக் கொட்டி ஊற வெச்சு வாருங்க. பழைய ஃபில்டரைக் கவுத்து வெச்சு ஒரு ராத்திரி வடிய விடுங்க. வடிஞ்ச ஆயில் எல்லாத்தையும் ஒரு கேன்ல ஊத்தி மூடி, பட்டறையில அவங்க பேரல்ல கொடுத்துடுங்க. 2016-ம் வருஷத்து மத்திய அரசு விதிப்படி கழிவு ஆயில் அபாயகரமான கழிவு. சாக்கடையிலயும் வாய்க்கால்லயும் மட்டும் ஊத்திடாதீங்க கண்ணுங்களா. காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடை நம்மது. அந்த வாய்க்காலை நம்பித்தான் பக்கத்து வயல்ல நாத்து நிக்குது.