உள்ளத்தின் புண்ணும் எரியாத அடுப்பும்

மனம் நொந்தவருக்கு ஆறுதல் மொழி மட்டும் போதுமா? பிரேசில் நாட்டு உளவியலாளரின் அனுபவம் இதற்கு விடை தருகின்றது.

அங்கே உளவியல் 1962-ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒரு தொழிலாக ஏற்கப்பட்டது. ஆயினும், கட்டணம் செலுத்த வசதியுள்ளோரே பெரும்பாலும் அதன் பயனைப் பெற்றனர். 1988-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சுகாதாரம் எல்லா மக்களினதும் உரிமை என அறிவித்தது. 2001-இல் வந்த சட்டம், மனநோயாளரை வைத்தியசாலையில் அடைத்து வைப்பதை விடச் சமூகத்தின் நடுவே பராமரிப்பதே மேல் என்றது. 2005-இல் சமூக உதவிப் பணிகளும் நாடு தழுவிய ஓர் அமைப்பாக ஒழுங்குபடுத்தப்பட்டன. உளவியலாளர் பலர் ஏழைகள் வாழும் பகுதிகளுக்குப் பணியாற்றச் சென்றனர்.

அங்கே அவர்கள் கற்ற பாடம் பெரிது. நித்திரையில்லை என்று வரும் தாயின் துயருக்கு, கணவனின் வேலையின்மையோ பிள்ளைகளின் பசியோ காரணமாகலாம். அதை அவளுடைய நோய் என்று மட்டும் கொண்டால், பழியும் அவள் தலையிலேயே விழும். ஆகவே சமூக உதவி நிலையங்களில் உளவியலாளர், சமூகப் பணியாளரோடு இணைந்து முழுக் குடும்பத்தையும் சந்திக்கின்றார். அரச உதவி பெற வழிகாட்டுகின்றார். சிகிச்சை தேவைப்படுவோரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புகின்றார்.

நல்ல சமாரியன் காயத்துக்கு எண்ணெய் வார்த்ததோடு நின்றுவிடவில்லை; சாவடிக்காரனிடம் செலவுக்குப் பணமும் கொடுத்தான். நம் அயலிலும் மனம் சோர்ந்தோர் உளர். "செபியுங்கள்" என்று மட்டும் சொல்லி அவர்களை அனுப்பிவிடாதிருப்போம். பொறுமையோடு செவிமடுப்போம், வீட்டில் அடுப்பு எரிகின்றதா என்றும் பார்ப்போம், வேண்டின் வைத்தியரிடம் கூட்டிச் செல்வோம். செபத்தோடு இப்பணியும் சேர்ந்ததே பிறரன்பு.